வாழ ஓர் அனுமதி, வைத்தியத்துக்கு இன்னோர் அனுமதி
துணையிடம் சேரக் கடல் கடப்போரின் வசிப்புரிமையும் மருத்துவ உரிமையும்

கல்யாணம் முடிந்த கையோடு, துணை வேலை பார்க்கும் நாட்டுக்குப் புறப்படுவது தமிழ்க் குடும்பங்களில் இன்று சாதாரணமாகிவிட்டது. துபாய், சிங்கப்பூர், லண்டன், டொரொண்டோ, மியூனிக், டல்லஸ் என்று ஊர்ப்பெயர்தான் மாறும். வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றே: "விசா வந்துடுச்சா?" வந்துவிட்டது என்றால் எல்லாம் முடிந்ததாக எண்ணி டிக்கெட் போடுகிறோம். உண்மையில் பாதிதான் முடிந்திருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால், கருவுற்றால், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் யார் கணக்கில் மருத்துவம் என்பது மீதிப் பாதி. சில நாடுகளில் அது விசாவோடு சேர்ந்தே வருகிறது. சில இடங்களில் மாதங்கள் கழித்து வருகிறது. வேறு சில நாடுகளில் காசு கொடுத்து வாங்கினால்தான் உண்டு.

வசிப்புரிமை, மருத்துவ உரிமை ஆகிய இரண்டையும் பல நாடுகளில் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விதிகளை வரிசையாக ஒப்பிட்டபின் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஒரு நாட்டின் குடும்ப விசா விதி நல்லதா கெட்டதா என்பதை அது கேட்கும் பணத்தை வைத்து மட்டும் அளக்க முடியாது. துணையை நம்பி வந்தவர் எத்தனை காலத்தில் தம் சொந்தப் பெயரில் நிற்க முடிகிறது என்பதே சரியான அளவுகோல்.

வாசலில் கேட்கப்படுபவை

எந்த நாடானாலும் வாசலில் மூன்று கேள்விகள் உண்டு. திருமணம் உண்மையா? கூப்பிடுகிறவரால் காப்பாற்ற முடியுமா? வருகிறவர் அங்கே சமாளிப்பாரா?

முதல் கேள்விக்குப் பதில் காகிதம். மண்டபம் நிறைய உறவினர் பார்க்க நடந்த திருமணமானாலும் தூதரகம் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான். எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2006-இல் சீமா வழக்கில் வலியுறுத்தியது. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் 2009-இல் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது. இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான். சான்றிதழில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அதை விரித்தும், பள்ளிச் சான்றில் இனிஷியல் பின்னால் போயும் இருந்தால் ஒருவரே மூவராகத் தெரிவார். விண்ணப்பத்துக்கு முன்பே இவற்றை ஒன்றாக்கிவிடுவது பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். சான்றிதழை அயல்நாடு ஏற்க வேண்டுமென்றால், ஆவணங்களை ஏற்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கைப்படி இடப்படும் அப்போஸ்டில் முத்திரை பல நாடுகளுக்குப் போதும். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் வேறு வழியைக் கேட்கிறது: வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும்.

இரண்டாவது கேள்வி வருமானம். இங்கேதான் நாடுகளின் மனப்போக்கு வெளிப்படுகிறது. பிரிட்டன் 2012 ஜூலையில் ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் இருந்தால்தான் துணையை அழைக்கலாம் என்று விதித்தது. 2024 ஏப்ரலில் அதை ஒரே வீச்சில் 29,000 பவுண்டாக உயர்த்தியது. பழைய வரம்பை எதிர்த்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. வரம்பு வைப்பது கொள்கையளவில் சட்டப்படி சரிதான், ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. கனடாவில் துணையை மட்டும் அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை; மூன்று ஆண்டுகள் அவரைத் தாங்குவதாக எழுதிக் கொடுத்தால் போதும். அமெரிக்கா வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடு வருமானத்தைக் காட்டச் சொல்கிறது. அங்கே கொடுக்கும் உறுதிப்பத்திரம் நீதிமன்றத்தில் செல்லும்; மணமுறிவு ஆனாலும் அது தானாக முடிவதில்லை. ஜெர்மனியில் ஒரே தொகை என்று இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு வழியும், பொதுவாகப் போதிய அளவு வீடும் இருக்க வேண்டும்.

அமீரகத்தில் மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ வேலை பார்ப்பவர் துணைக்கு டிபென்டன்ட் பாஸ் வாங்க மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். இந்த எண்களைப் படிக்கும்போது அவற்றுக்குக் கீழே இருப்பவர்களை மறக்கக் கூடாது. கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போன தஞ்சாவூர், ராமநாதபுரத்துக்காரர்களில் பலர் இந்த வரம்பைத் தொடாமலே ஆயுள் பாதியைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விடுமுறைதான் அவர்களின் இல்லறம். சம்பளம் இருந்தும் பிரிக்கும் விதியும் உண்டு. சவூதி அரேபியா 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி விதித்து, ஆண்டுதோறும் 100 கூட்டி, 2020-இல் 400 ஆக்கியது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200 ரியால். பல இந்தியக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. வேலை பார்த்தவர் மட்டும் அங்கே தங்கினார்.

மூன்றாவது கேள்வி மொழியும் உடல்நலமும். பிரிட்டனுக்குள் நுழைய ஏ-1 நிலை ஆங்கிலம், நீட்டிக்க ஏ-2, நிரந்தர உரிமைக்கு பி-1. ஜெர்மனி 2007 முதல் ஏ-1 ஜெர்மன் கேட்கிறது. சென்னையில் கதே நிறுவனம் அந்தத் தேர்வை நடத்துகிறது. ஆனால் உயர்தகுதி வேலைக்கான புளூ கார்டு வைத்திருக்கும் பொறியாளரின் மனைவிக்குத் தேர்வு வேண்டாம். உணவகத்தில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கு வேண்டும். மொழி தெரிந்தால் வாழ்க்கை எளிதாகும் என்பதே இந்த விதியின் நியாயம் என்றால், அது இருவருக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும் அல்லவா? கணவரின் சம்பளத்தைப் பார்த்து மனைவிக்குத் தேர்வு வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

உடல் சோதனையை நாடுகள் வெவ்வேறு நோக்கத்தில் கேட்கின்றன. இந்தியாவிலிருந்து பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர் காசநோய் இல்லை என்ற சான்று தர வேண்டும். சான்று ஆறு மாதம் செல்லும். கர்ப்பிணிகள் எக்ஸ்-ரேக்குப் பதில் சளிப் பரிசோதனை கேட்கலாம், ஆனால் அதன் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். அதைக் கணக்கிடாமல் விண்ணப்பித்தால் பயணமே தள்ளிப்போகும். அமீரகத்தில் எச்.ஐ.வி.யும் காசநோயும் சோதிக்கப்படுகின்றன. முடிவு பாதகமானால் வசிப்பு அனுமதியே கைவிட்டுப் போகலாம். கனடாவும் முழுச் சோதனை செய்கிறது. ஆனால் மருத்துவச் செலவு கூடுதலாகும் என்ற காரணத்துக்காக மற்ற விண்ணப்பதாரர்களை மறுக்கக்கூடிய அந்நாட்டுச் சட்டம், துணைவர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. நோயுள்ள மனைவியும் மனைவிதான் என்பதை ஒரு சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் அது.

மருத்துவத்துக்கு நான்கு வழிகள்

உள்ளே போனபின் மருத்துவ உரிமை எப்படி வருகிறது என்று பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன: முன்பணம் கட்டுவது, துணையின் காப்பீட்டில் சேர்வது, காத்திருப்பது, விலைக்கு வாங்குவது.

முன்பணத்துக்கு எடுத்துக்காட்டு பிரிட்டன். 2015 ஏப்ரல் வரை, குடியேற வந்த கணவனோ மனைவியோ அந்நாட்டில் வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே என்.எச்.எஸ். எனும் தேசிய நலச்சேவையில் இலவச சிகிச்சை பெறலாம். 2014-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதை மாற்றியது. நிரந்தர உரிமை கிடைக்கும்வரை மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று ஒன்றை விசாவோடு கட்ட வேண்டும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 200 பவுண்டு, 2019-இல் 400, 2020-இல் 624, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035. ஒன்பதே ஆண்டில் ஐந்து மடங்கு. முதல் துணை விசா 33 மாதம், கட்டணம் மூன்று ஆண்டுக்கு 3,105 பவுண்டு. அடுத்த 30 மாத நீட்டிப்புக்கு 2,587.50. விண்ணப்பக் கட்டணங்கள் தனி. இத்தனைக்கும் வந்தவர் வேலைக்குப் போனால் அவரும் மற்றவர்களைப்போல வருமான வரியும் தேசியக் காப்பீடும் கட்டுகிறார். ஒரே சேவைக்கு இரண்டு தடவை பணம் என்ற குறை நியாயமானது. நல்ல பக்கமும் உண்டு: கட்டணம் கட்டி விசாவோடு வந்த நாள்முதல் குடும்ப மருத்துவர், அவசர சிகிச்சை, பிரசவம் எல்லாம் கிடைக்கும். மாறாக, பார்வையாளர் விசாவில் கணவரிடம் போய் அங்கேயே பிரசவமானால் உண்மைச் செலவில் 150 விழுக்காடு வரை பில் வரும்.

பிரிட்டனின் இன்னொரு விதி மனசைக் கனக்கச் செய்கிறது. மருத்துவ, பராமரிப்புப் பணி விசாவில் வருவோருக்கும் குடும்பத்துக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. ஆனால் 2024 மார்ச் 11 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் வழியே 2025 ஜூலையில் மூடப்படும்வரை, அந்த விசாவில் புதிதாக வந்த பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவரவே முடியவில்லை. முதியோர் இல்லத்தில் மற்றவர்களின் பெற்றோரைக் குளிப்பாட்டி உணவூட்டுகிறவர் தம் கணவரையும் குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது என்பது இதன் பொருள்.

இரண்டாவது வழிக்கு ஜெர்மனி. அங்கே காப்பீடு எல்லாருக்கும் கட்டாயம். கணவர் அரசு சார்ந்த காப்பீட்டு நிதியத்தில் உறுப்பினர் என்றால், வருமானம் இல்லாத மனைவி கூடுதல் பணமின்றிக் குடும்பக் காப்பீட்டில் சேரலாம். சந்தாவின் அளவு சம்பளத்தைப் பொறுத்தது. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்ததல்ல. விசாவுக்காகப் பயணக் காப்பீடு ஒன்றைக் காட்டிவிட்டு, வந்ததும் முகவரியைப் பதிந்து, நிதியத்தில் படிவம் கொடுத்தால் காப்பீட்டு அட்டை வீட்டுக்கு வரும். ஒரு கண்ணி மட்டும் உண்டு. அதிகச் சம்பளக்காரர்கள் இளமையில் மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்கு மாறிவிடுவார்கள். அதில் குடும்பச் சலுகை கிடையாது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சந்தா. கல்யாணத்துக்கு முன் தனியாக எடுத்த முடிவின் சுமை பின்னால் குடும்பத்தின்மேல் விழும்.

மூன்றாவது வழி காத்திருப்பு. கனடாவில் துணை நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவே வந்து இறங்கலாம். ஆனால் மருத்துவக் காப்பீடு மாகாணங்களின் கையில் இருக்கிறது. புதிதாக வந்தவரை மூன்று மாதம் வரை காக்கவைக்க 1984-ஆம் ஆண்டுக் கனடா நலச்சட்டம் இடம் தருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். கியூபெக்கிலும் காத்திருப்பு உண்டு. ஆனால் கர்ப்பகால சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கும் அங்கே விலக்கு இருக்கிறது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒன்டாரியோவில் மூன்று மாதக் காத்திருப்பு நெடுங்காலம் இருந்தது. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் அதை நீக்கினார்கள். தொற்றுநோய்க் காலத்தில் ஒருவருக்கு வைத்தியம் மறுத்தால் ஊருக்கே ஆபத்து என்று புரிந்தபின் வந்த முடிவு அது. காத்திருப்பு இல்லாமலும் நிர்வாகம் நடக்கும் என்பதற்கு ஒன்டாரியோவே சாட்சி.

நான்காவது வழி விலைக்கு வாங்குவது. அமெரிக்காவில் வேலை விசாக்காரரின் துணைக்கான எச்-4 விசாவில் போகும் மனைவி பெரும்பாலும் கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில்தான் சேர்கிறார். திருமணமானதும் சேர்த்துக்கொள்ளக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரச் சட்டம் சொல்கிறது; தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரலாம். கல்யாண அலைச்சலில் முதலில் மறந்துபோகும் தேதியும் அதுவே. கிரீன் கார்டோடு போகிறவருக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் மெடிகெய்ட் உதவிக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு தடை உண்டு. ஆனால் சட்டப்படி வசிக்கும் கர்ப்பிணிகளுக்கு அந்தத் தடையை நீக்க 2009 முதல் மாநிலங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. காப்பீடு இல்லாமல் குடியேறவே கூடாது என்று 2019 அக்டோபரில் வந்த அதிபரின் அறிவிப்பை நீதிமன்றம் நடைமுறைக்கு முன்பே தடுத்தது. 2021-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

அமீரகத்திலும் காப்பீட்டை வாங்கத்தான் வேண்டும், ஆனால் யார் வாங்குவது என்பதில் அமீரகத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. அபுதாபியில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியருக்கு மட்டுமின்றி மனைவிக்கும் மூன்று பிள்ளைகள் வரைக்கும் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. துபாயின் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாளியின் கடமை ஊழியரோடு நிற்கிறது. குடும்பத்துக்கு ஸ்பான்சர், அதாவது கணவர்தான் வாங்க வேண்டும். சிங்கப்பூரில் மெடிஷீல்டு லைஃப் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. குடிமகனை மணந்து வந்தவருக்காக 2012-இல் வந்த நீண்டகாலப் பாஸின் மேம்பட்ட வகை, அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்குச் சலுகை தருகிறது. குழந்தை பிறந்திருந்தால், அல்லது திருமணமாகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தால்தான் அது எளிதில் கிடைக்கும்.

விரிசல் விழும் இடம்: கர்ப்பகாலம்

இந்த நான்கு வழிகளின் உண்மையான சோதனை கர்ப்பகாலம். புதிதாக மணமானவர்களே பெரும்பாலும் பயணப்படுகிறார்கள். முதல் ஆண்டிலேயே கருவுறுவது நம்மிடையே இயல்பு. மூன்று மாதக் காத்திருப்பு என்பது சட்டப் புத்தகத்தில் சின்னது. கர்ப்பிணிக்கு அதுவே முதல் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைகளும் விழும் காலம். இங்கிருந்து எடுத்துப்போகும் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை பிரசவச் செலவையும் முன்பே இருந்த நோயையும் ஏற்பதில்லை. ஆகவே கையில் பாலிசி இருந்தும் பயன் இல்லை. சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இதே நிலைதான். கியூபெக்கின் விலக்கையும் அமெரிக்க மாநிலங்களின் விருப்பத் தளர்வையும் பார்க்கும்போது, சட்டம் எழுதியவர்களுக்கே இந்த விரிசல் தெரிந்திருக்கிறது என்பது புரிகிறது. தெரிந்தபின் எல்லா இடத்திலும் மூடாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

உறவு முறிந்தால்

வசிப்பும் வைத்தியமும் ஒரே நபரின் கையெழுத்தில் தொங்கும்போது, உறவு கெட்டால் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. அடிபட்டவள் புகார் கொடுக்கத் தயங்குவது பயத்தால் மட்டுமில்லை. விசாவும் மருந்தும் அந்த வீட்டோடு போய்விடும் என்ற கணக்காலும்தான். கனடா 2012-இல், புதிதாக மணமான துணை ஈராண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர உரிமை நிலைக்கும் என்று நிபந்தனை வைத்தது. வன்முறை வீட்டில் பெண்களை அது கட்டிப்போடுகிறது என்ற எதிர்ப்புக்குப் பின் 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டது. ஜெர்மனியில் சேர்ந்து வாழ்ந்து மூன்று ஆண்டு ஆனால் தனி வசிப்புரிமை கிடைக்கிறது. கொடுமை நடந்தால் அதற்கு முன்பும் கேட்கலாம். மணமுறிவுக்குப் பின் குடும்பக் காப்பீடு முடிந்தாலும் சொந்த உறுப்பினராகத் தொடர வழி இருக்கிறது. பிரிட்டனில் துணை விசாவில் வந்தவர் வன்முறைக்கு ஆளானால் ஐந்து ஆண்டு காத்திராமல் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை மூன்று மாதத்துக்கு அரசு உதவி பெறும் தற்காலிக அனுமதியும் உண்டு. அமீரகம் 2018 முதல் கைம்பெண்களுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும் ஸ்பான்சர் இல்லாமல் ஓராண்டு தங்க அனுமதி தருகிறது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் ஊரிலிருந்து புறப்படும் எத்தனை பெண்களுக்கு இவை தெரியும்? வழக்கறிஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் தெரிந்த உரிமை ஆபத்து வேளையில் உதவாது.

அரசுகளின் வாதம்

அரசுகள் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். வரி கட்டியவர்களின் பணத்தில் நடக்கும் மருத்துவமனையில் நேற்று வந்தவர் இலவசமாகச் சேரலாமா என்பது அவர்கள் கேள்வி. போலித் திருமணங்கள் உண்டு; சிகிச்சைக்காகவே வருவோரும் உண்டு என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் துணைக்காக வருகிறவர்கள் அங்கேயே வாழ்ந்து உழைத்து வரி கட்டப் போகிறவர்கள். அவர்களை அழைத்தவரும் ஏற்கெனவே வரி கட்டுகிறவர். இளம் வயதில் வருகிற ஒருவரின் முதலாண்டு மருத்துவத்தை மறுப்பதால் மிச்சமாகும் பணம், தாமதமாகக் கண்டறியும் நோய்க்கும் சிக்கலாகும் பிரசவத்துக்கும் பின்னால் செலவாகிவிடும். ஜெர்மனியின் ஏற்பாடு பெரிய நாடு ஒன்றில் அன்றாடம் நடக்கிறது. ஒன்டாரியோ காத்திருப்பை நீக்கியும் தாக்குப்பிடிக்கிறது. இயலாது என்ற வாதத்துக்கு இவையே பதில்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பது ஆயத்தம். விசா விண்ணப்பத்தோடு சேர்த்தே மருத்துவப் பக்கத்தையும் திட்டமிட வேண்டும். காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது, அதில் சேர்க்கும் காலக்கெடு என்ன, கர்ப்பமும் பழைய நோயும் அதில் அடங்குமா என்று அழைக்கிறவர் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இடைவெளி இருந்தால் அந்த நாட்டிலேயே விற்கும் புதுக்குடியேறிகளுக்கான காப்பீட்டை வாங்கலாம். சிலவற்றை வந்து இறங்கிய சில நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும். தடுப்பூசிப் பதிவு, மருந்துச் சீட்டு, பழைய ஸ்கேன், ரத்த வகை ஆகியவற்றை ஆங்கிலத்தில் தொகுத்து, மருந்துகளின் வணிகப் பெயரோடு வேதிப்பெயரையும் எழுதிப் போக வேண்டும். கட்டணங்களும் வரம்புகளும் ஆண்டுக்காண்டு மாறுவதால், ஏஜென்ட் சொல்வதோடு நிற்காமல் அந்தந்த அரசின் அறிவிப்பை நேரில் படிப்பது அவசியம்.

இதைவிட முக்கியமான ஒன்று: போகிறவர் தம் பாஸ்போர்ட், வசிப்பு அட்டை, காப்பீட்டு அட்டை, திருமணச் சான்று ஆகியவற்றின் மூலத்தைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். குடும்ப மருத்துவரிடம் தம் பெயரில் தனியாகப் பதிய வேண்டும். தம் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும்; முடிந்தவரை சீக்கிரம் மொழி கற்று வேலையும் தேட வேண்டும். இதில் கணவனை நம்பாத மனைவி என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அன்போடு அழைத்துப்போகிற கணவன் முதல் வாரத்திலேயே தானே செய்து தர வேண்டிய காரியங்கள் இவை.

அரசுகளிடம் கேட்க வேண்டியவையும் மூன்றே: வந்த நாள்முதல் மருத்துவம், கர்ப்பிணிக்கும் வன்முறைக்கு ஆளானவருக்கும் எந்தக் காத்திருப்பும் கட்டணமும் இல்லாத சிகிச்சை, உறவு முறிந்தாலும் முறியாத சொந்த வசிப்புரிமை. கியூபெக், ஒன்டாரியோ, ஜெர்மனி ஒவ்வொன்றும் இவற்றில் ஒரு பகுதியை ஏற்கெனவே நடத்திக் காட்டுகிறது. மூன்றையும் சேர்த்துத் தரும் விதியே, துணையாக வந்தவரை ஒரு முழு மனிதராக ஏற்றுக்கொள்ளும் விதி.